ராஜஸ்தான் வரைக்கும் போய்ப் பார்த்தவன், சங்ககிரியும் நாமக்கல்லும் ஏறின கதை

திருச்செங்கோடு எங்கள் ஊர். தொழில் போர்வெல். குழாய்க் கிணறு போடுகிற ரிக் வண்டியோடு இருபத்தாறு வருசம் ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறேன். பெயிண்ட் காயக் காத்திருக்கும் நாளும் டீசல் வராத நாளும் இந்தத் தொழிலில் நிறைய உண்டு. அப்படிப்பட்ட நாளில் பையன்களைக் கூட்டிக்கொண்டு பக்கத்தில் இருக்கிற கோட்டைக்கோ அரண்மனைக்கோ கிளம்பிவிடுவேன். ஜோத்பூர் மெஹ்ரான்கர் கோட்டைக்கு மட்டும் மூன்று தடவை போயிருக்கிறேன். மேலே போக லிஃப்ட், காதில் மாட்டிக்கொள்ள ஆடியோ என்று வசதி பிரமாதம். 1459-ல் ராவ் ஜோதா கட்ட ஆரம்பித்தது என்று அந்தக் கருவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஜெய்ப்பூர் ஹவா மஹாலில் சன்னல் 953 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஆனால் வீட்டிலிருந்து வண்டியில் கால் மணி நேரத்தில் இருக்கிற சங்ககிரிக் கோட்டையில் போன மாசி வரைக்கும் கால் வைத்ததில்லை. சேலம் போகும்போதெல்லாம் கண்ணில் படும் மலை. பார்த்துக்கொண்டே போய்விடுவேன்.

போக வைத்தது என் மச்சான். பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஏன் மாப்ள, ஊரான் கோட்டைக்கெல்லாம் டிக்கெட் வாங்கி ஏறுன, நம்ம கோட்டை என்ன பாவம் பண்ணுச்சு?" என்று ஒரு விசேச வீட்டில் நாலு பேருக்கு முன்னால் கேட்டுவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெடியால ஆறு மணிக்கு இரண்டு பேரும் அடிவாரத்தில் நின்றோம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சங்ககிரி, கோட்டை என்பதற்குப் பாடம் மாதிரி இருக்கிறது. மூன்று பக்கமும் செங்குத்து, ஏற வழி ஒரு பக்கம்தான். அந்த ஒரு பக்கத்தை அடைக்க மதில் மேல் மதில் கட்டியிருக்கிறார்கள். மொத்தம் 14 சுற்று என்கிறார்கள். விஜயநகர காலத்தில், பதினைந்தாம் நூற்றாண்டில் தொடங்கியது. அப்புறம் திப்புவிடம் இருந்து, கடைசியில் வெள்ளைக்காரன் கைக்கு வந்து, கடைசி மதிலை அவன் கட்டியிருக்கிறான். ஒரு வாசலைத் தாண்டி மூச்சு வாங்கி நிமிர்ந்தால் அடுத்த வாசல் நிற்கிறது. சும்மா தண்ணீர் பாட்டிலோடு ஏறுகிற எனக்கே நாலாவது வாசலில் கோபம் வந்தது. மேலிருந்து கல்லை உருட்டிக்கொண்டிருந்தால் கீழே இருந்து ஏறுகிறவன் என்ன ஆகியிருப்பான்?

மச்சான் வாசலுக்கு வாசல் உட்கார்ந்து நோட்டில் வரைந்தார். நான் வேறு வேலையாக இருந்தேன்.

"மாப்ள, நீ செவுத்தயே பாக்க மாட்டீங்கற. தரையவே பாத்துக்கிட்டு வர்ற."

"செவுரு சண்டைக்குங் மச்சான். தண்ணி இல்லீன்னா மூணாவது நாள் சண்டை போட ஆளே இருக்காதுங்."

என் பிழைப்பே பாறையில் தண்ணீர் தேடுவது. அதனால் எந்தக் கோட்டைக்குப் போனாலும் எனக்கு ஒரே கேள்விதான்: இத்தனை உயரத்தில் இத்தனை பேருக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? எங்கள் தொழிலில் ஒன்று சொல்வோம். பாறைக்குள் தண்ணீர் கிடையாது, பாறையின் கேப்பில்தான் தண்ணீர். கெட்டிப் பாறை என்றால் ஆயிரம் அடி போட்டாலும் வெறும் புகைதான் வரும். அந்தக் காலத்து ஆள் மலைக்குள் தேடவே இல்லை. மேலே விழுகிற மழையை விடாமல் பிடித்திருக்கிறான். மொட்டைப் பாறை ஒரு சொட்டு குடிக்காது. விழுந்ததெல்லாம் சரிவில் ஓடி வரும். ஓடி வருகிற இடத்தில் பள்ளம் இருந்தால் சுனை. மேலே அப்படி ஒரு சுனை ஓரத்தில் உட்கார்ந்து கையை விட்டுப் பார்த்தேன். மாசி வெயிலிலும் சில்லென்று இருந்தது. ஒரு ரூபாய் டீசல் செலவில்லாத தண்ணீர். பாசி பிடித்திருந்தது, அது வேறு விசயம்.

மேலே தானியக் கிடங்கு இருக்கிறது, தர்கா இருக்கிறது, பெருமாள் கோயில் இருக்கிறது. சித்திரைத் தேருக்குப் பெருமாள் இந்த மலையிலிருந்துதான் கீழே ஊருக்கு இறங்கி வருகிறார். சாமியைத் தூக்கிக்கொண்டு இந்தப் படிகளில் இறங்குகிறவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிடு போட்டேன். என் முழங்கால் வெறும் கையோடு இறங்கும்போதே அழுதது.

மரணக் கிணறு என்று ஒன்றையும் காட்டுகிறார்கள். தண்டனை பெற்றவர்களைத் தள்ளுகிற இடமாம். எட்டிப் பார்த்துவிட்டு உடனே விலகி வந்துவிட்டேன். குழி என்றால் அதிலிருந்து தண்ணீர் மேலே வரும் என்று காத்திருந்தே பழகிப்போனவன் நான். எனக்கு அந்த இடத்தில் நிற்கப் பிடிக்கவில்லை.

தீரன் சின்னமலையைப் பற்றி நம் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மேலப்பாளையத்துத் தீர்த்தகிரி, 1756-ல் பிறந்தவர், 1805 ஜூலை 31 அன்று இங்கே தூக்கிலிட்டார்கள். ஆடிப் பதினெட்டு என்றால் சங்ககிரியில் மாலையும் கொடியுமாகக் கூட்டம் நெரியும். மேலே நின்றபோது மச்சான் சொன்ன ஒன்றுதான் மனதில் தைத்தது. மைசூருக்குப் போன வரிப்பணத்தைப் பிடுங்கி, "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவுல ஒரு சின்னமலை பிடுங்கிக்கிட்டான்னு போய்ச் சொல்லு" என்று அனுப்பியதால்தான் அந்தப் பெயர் வந்தது என்று கதை. கம்பெனிக்காரன் கொங்குநாட்டு வரிப்பணத்தைச் சேர்த்து வைத்தது இதே சங்ககிரியில். வரிப்பணத்தில் தொடங்கிய ஆளை வரிப்பணம் இருந்த மலையிலேயே கொண்டுவந்து முடித்திருக்கிறார்கள். மச்சான் இதைச் சொல்லிவிட்டு நோட்டை மூடிவிட்டார். அதற்கப்புறம் அன்றைக்கு அவர் வரையவில்லை.

குறை என்றால், சொல்லித்தர ஆள் கிடையாது. ஜோத்பூரில் காதுக்குள் கதை ஓடும். இங்கே கதையை நீங்கள்தான் கூட்டிப் போக வேண்டும். சுவரில் காதலர்கள் பெயர் எழுதி அம்பு விட்டிருக்கிறார்கள், வருசத்தோடு. போகிறவர்கள் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துப் போங்கள், மேலே கடையை எதிர்பார்க்காதீர்கள். பத்து மணிக்கு மேல் ஏற ஆரம்பிக்காதீர்கள். ரப்பர் செருப்பு வேண்டாம். இறங்கி வந்து சாப்பிட்ட ஓட்டலைப் பற்றி எழுதவே போவதில்லை. அந்தத் தோசையை வைத்து, பாறை துளைக்கிற எங்கள் பிட்டுக்கு வாசர் போடலாம்.

நாமக்கல் அடுத்த ஞாயிறு. இது சங்ககிரிக்கு நேர் எதிர். ஊருக்கு நடுவில், பஸ் சத்தத்துக்கு நடுவில் ஒரே கல். உயரம் 65 மீட்டர், எங்கள் கணக்கில் 213 அடி. நல்ல பாறையில் இரண்டு மணி நேரத்தில் அந்த ஆழத்துக்குக் குழாய் இறக்கிவிடுவேன். அதே 213 அடி மேல்நோக்கி என்றதும் மச்சான் சிரித்தார். பாறையில் வெட்டின படி, பிள்ளைகள் ஓடியே ஏறுகிறார்கள். வயதானவர்களைக் கூட்டிப் போவதென்றால் சங்ககிரியை விட்டுவிட்டு இங்கே வாருங்கள்.

மேலே சமதளமாக ஒன்றரை ஏக்கர் இருக்கும். சுற்றிலும் மதில். அந்த மதில்தான் இந்தக் கோட்டையில் பார்க்க வேண்டியது. மலையிலேயே வெட்டிய வெள்ளைக் கல், பெரும்பாலும் சுண்ணாம்பைக் கூட நம்பாமல் தன் எடையிலேயே நிற்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் சேந்தமங்கலம் பாளையக்காரர் ராமச்சந்திர நாயக்கர் கட்டியது என்கிறார்கள். ஓரத்தில் கல் வழுக்குப் பாறையில் எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் போய்விட்டது. மேலே பெருமாள் கோயில் ஒன்று, தர்கா ஒன்று. சங்ககிரியிலும் அப்படித்தான். இரண்டு மலையிலும் இரண்டு சாமியும் பக்கத்துப் பக்கத்து வீடு.

ஆனால் நாமக்கல்லுக்கு ஐந்துக்கு ஐந்து போட வைத்தது கோட்டை இல்லை. அடியில் பாறையைக் குடைந்து செய்த இரண்டு குடைவரைக் கோயில்கள். மலைக்கு மேற்கே நரசிம்மர், கிழக்கே ரங்கநாதர், எட்டாம் நூற்றாண்டு அதியமான்கள் காலத்து வேலை. ரங்கநாதர் குகையின் கல்வெட்டில் அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று பெயர் இருக்கிறது. அவர் படுத்திருப்பது கார்க்கோடகன் என்கிற பாம்பின் மேல். நரசிம்மர் சன்னதிச் சுவரில் உலகளந்த பெருமாள் காலைத் தூக்கி நிற்கிறார். இதெல்லாம் கம்ப்ரசர் இல்லாமல், பட்டன் பிட் இல்லாமல், உளியில். ஒருமுறை ஒடிசாவில் எழுநூறு அடியில், பாறையை இடிக்கிற ஹேமர் கழன்று உள்ளேயே போய்விட்டது. பக்கத்தில் வேறு குழி போட்டேன். இந்தக் குகையில் ஒரு உளியடி தவறாக விழுந்திருந்தால் பக்கத்தில் வேறு மலை ஏது?

எதிரே பதினெட்டு அடி ஆஞ்சநேயர், கூரையில்லாமல், நரசிம்மரைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு. கண்டகி ஆற்றிலிருந்து அவர் கொண்டுவந்த சாளக்கிராமம் என்கிற கறுப்புக் கல்தான் கமலாலயக் குளத்தோரம் வைத்ததும் மலையாக வளர்ந்தது என்பது தலபுராணம். நான் பார்த்தவரைக்கும் இது கெட்டியான வெள்ளைக் கல். ஆனால் வடைமாலை வடையை வாங்கித் தின்றுவிட்டு ஆஞ்சநேயரிடம் கல் சாதி பேச எனக்குத் தைரியம் இல்லை. அந்த மிளகு வடை ஒரு வாரம் தாங்கும், வீட்டுக்குப் பத்து வடையாவது வாங்குங்கள்.

சாயந்திரம் மதில் ஓரத்தில் மறுபடி நின்றோம். கீழே லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் இருக்கிற பக்கம் என் புது வண்டி பெயிண்டுக்கு நிற்கிறது. எது என்று காட்டச் சொன்னார் மச்சான். எல்லாமே மஞ்சளாகத் தெரிந்தது. காட்டிக்கொண்டிருக்கும்போதே காவலாளி விசில் அடித்தார், இறங்கச் சொல்லி.