பட்டினத்தார் கோயிலிலிருந்து முகத்துவாரம் வரை: வடசென்னைக் கடலோரத்தில் நான் நடந்த வழிகள்

எங்கள் வீடு காலடிப்பேட்டையில். கடலுக்கு இருபது நிமிட நடைதான். இருபத்தாறு வருடமாக இங்கேயே இருக்கிறேன். ஆனாலும் காணும் பொங்கலுக்குக்கூட மெரினாவுக்குத்தான் பஸ் ஏறிப் போவோம். போன வருடம் ஆடி மாதத்தில் சர்க்கரை கூடி, முட்டியும் பிடித்துக்கொண்டது. "தினமும் நாற்பது நிமிஷம் நடங்கம்மா, மேடு பள்ளம் மட்டும் வேண்டாம்" என்றார் டாக்டர். தெருவில் நடந்தால் நாய்த் தொல்லை, வண்டித் தொல்லை. அப்படித்தான் ஒருநாள் கிழக்கே திரும்பினேன். அன்றிலிருந்து வாரத்தில் நாலைந்து நாள் கடலோரம்தான். எங்கே கால் வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று இப்போது எனக்குக் கொஞ்சம் தெரியும். இந்தப் பக்கத்துப் பெண்களும் வயதானவர்களும் ஒரு நாளாவது வந்து பார்க்க வேண்டும் என்ற ஆசையில் எழுதுகிறேன்.

முதலில் என் வழக்கமான வழி. திருவொற்றியூர் தேரடி மெட்ரோவில் இறங்கி, வடிவுடையம்மனுக்கு வெளியிலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிழக்கே நடந்தால் எண்ணூர் விரைவுச் சாலை வந்துவிடும். அதைத் தாண்டுவதுதான் இந்த நடையிலேயே கஷ்டமான வேலை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஓட்டுநர் உயரத்தில் உட்கார்ந்திருப்பார், கீழே நிற்கிற நாம் அவர் கண்ணில் படுவோம் என்று நம்பிக் கால் வைக்கக் கூடாது. ஐந்தரை மணிக்குள் தாண்டிவிட்டால் நெரிசல் குறைவு. மெட்ரோ ஐந்து மணிக்கே ஓட ஆரம்பிப்பதால் வெளியிலிருந்து வருகிறவர்களுக்கும் இது முடியும்.

சாலையைத் தாண்டினால் பட்டினத்தார் கோயில். கடலைப் பார்த்தபடி இருக்கிற சின்னக் கோயில், அவர் சமாதியான இடம். பேய்க்கரும்பின் நுனி எங்கே இனிக்கிறதோ அங்கேதான் உனக்கு முக்தி என்று சொல்லப்பட்டு, கரும்பும் கையுமாக ஊர் ஊராக அலைந்தவருக்கு ஒற்றியூரில் அது இனித்தது என்று கதை. இங்கே மணலில் மாடு மேய்க்கும் பையன்களோடு விளையாடிக்கொண்டிருக்கும்போதே லிங்கமாகிவிட்டாராம். விடிவதற்கு முன்னால் அந்தத் திண்ணையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து அலைச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் நான் நடக்கத் தொடங்குவேன். எந்தப் பூங்காவிலும் எனக்கு இந்த நிம்மதி கிடைத்ததில்லை.

இங்கிருந்து எர்ணாவூர்ப் பக்கமாக வடக்கே நடக்கலாம். ஆனால் மெரினா மாதிரி அகலமான மணல்வெளியை எதிர்பார்த்து வராதீர்கள். கரை நெடுகப் பெரிய பெரிய கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். நடுநடுவே கடலுக்குள் நீளும் கல்சுவர்கள் உண்டு, அவற்றுக்குத் தூண்டில் வளைவு என்று பெயர். இரண்டு வளைவுகளுக்கு நடுவில் மணல் சேர்ந்து குட்டிக் கடற்கரை ஒன்று உருவாகியிருக்கும். நாம் நடக்க வேண்டியது அந்த மணலில்தான். ஈரம் இறங்கிய மணல் கெட்டியாக இருப்பதால் முட்டிக்கு நோகாது. ஒரு வளைவிலிருந்து அடுத்ததற்குப் போக, கல்லைச் சுற்றிக் குப்பத்துச் சந்து வழியாகப் போய் மறுபடி இறங்க வேண்டும். போய்வர 6,000 அடிகள் என்று போன் காட்டும்.

இந்தக் கற்கள் எதற்கு என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்தான் சொன்னார். நீல நைலான் வலை, கால் கட்டைவிரலில் அதன் ஒரு நுனியை மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். மூங்கில் ஊசி கண்ணுக்குக் கண் புகுந்து வெளியே வந்துகொண்டே இருந்தது. பேசும்போதுகூட அவர் கை நிற்கவில்லை.

"அண்ணே, இவ்வளவு கல்லை எதுக்குக் கொட்டியிருக்காங்க?"

"தெண்டி ஓடுச்சுன்னா மண்ணு தெக்கேருந்து வடக்கே போவும்மா. அந்த மண்ணை நடுவுல ஹார்பர் மறிச்சுக்குது. அங்க மெரினாவுல சேருது, இங்க வராம கரை அரிக்குது. எங்கப்பா வலை காயப்போட்ட எடம் இப்ப கடலுக்குள்ள இருக்குது."

தெண்டி என்றால் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டம். வாடைக்காற்று மாதங்களில் மணல் திரும்பித் தெற்கே நகர்ந்தாலும், வருடக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர் கட்டிய பிறகுதான் மெரினா இவ்வளவு அகலமானது. அங்கே சேர்ந்ததெல்லாம் எங்கள் கரைக்கு வந்திருக்க வேண்டிய மணல். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் குட்டிக் கடற்கரைகள் மேல் எனக்குத் தனிப் பாசம் வந்துவிட்டது. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் எது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று போய்ப் பார்ப்பேன்.

ஒரு எச்சரிக்கை. கல் மேல் ஏறாதீர்கள். போன மார்கழியில் சூரியோதயத்தைப் போட்டோ எடுக்கலாம் என்று ஒரு வளைவின் நுனிவரை போனேன். பச்சைப் பாசி படிந்த கல்லில் செருப்பு வழுக்கி, இரண்டு கல்லுக்கு நடுவில் கணுக்கால் மாட்டிக்கொண்டது. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பையன் ஓடிவந்து, "அம்மா அசையாதீங்க, காலை இழுக்காதீங்க" என்று சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டுப் பொறுமையாகக் காலை எடுத்துவிட்டான். மூன்று வாரம் நடக்க முடியவில்லை. வளைவை ஒட்டிக் குளிப்பதும் ஆபத்து. கல் ஓரத்தில் தண்ணீர் சுழித்து உள்ளே இழுக்கும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நான் நடந்த தூரத்தில் திறந்திருந்த கழிவறை ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. பெண்களுக்கு இது பெரிய பிரச்சினை, வீட்டிலேயே பார்த்துக்கொண்டு கிளம்ப வேண்டும். நிழல் கிடையாது, உட்கார பெஞ்சும் கிடையாது. சில இடங்களில் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் தாண்ட வேண்டும். ஆனால் பயம் மட்டும் இல்லை. அந்த நேரத்தில் குப்பமே விழித்திருக்கும். படகு வரும், ஐஸ் பெட்டி இறங்கும், பெண்கள் கூடையோடு நிற்பார்கள். காயும் கருவாட்டையும் விரித்த வலையையும் மிதிக்காமல் சுற்றிப் போனால் போதும். கேட்காமல் யாரையும் போட்டோ எடுக்காதீர்கள். அவர்கள் வீட்டு வாசலில்தான் நாம் நடக்கிறோம். ஐந்துக்கு நாலு மதிப்பெண் தருவேன். கழிவறை ஒன்று வந்தால் மீதி ஒன்றையும் தந்துவிடுவேன்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அது நடைக்கான இடமில்லை, பார்க்க வேண்டிய இடம். 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தைப் பார்த்துவிட்டுத் துறைமுகம் வரை காலாற நடக்கலாம், அதுவரை சரி. உள்ளே தரை முழுக்க மீன் தண்ணீர். பிடிப்புள்ள செருப்பு வேண்டும், தள்ளுவண்டி வந்தால் சட்டென்று ஒதுங்கவும் தெரிய வேண்டும். முட்டிவலி உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை போகவே வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் எல்லாம் கரையில் வரிசையாக நிற்கும், கூட்டம் குறையும். நிதானமாக நடந்து பார்க்க அதுதான் நேரம். வஞ்சிரமும் கடம்பாவும் வாங்குகிற எண்ணம் இருந்தால் மட்டும் மற்ற மாதங்கள்.

பழவேற்காடு ஒரு முழு நாள் வேலை. பொன்னேரி வரை ரயில், அப்புறம் பஸ். டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டை கட்டிய ஊர். அவர்களுடைய கல்லறைத் தோட்டத்து வாசலில் செதுக்கியிருக்கிற எலும்புக்கூடுகளைப் பார்த்துவிட்டு என் நாத்தனார் உள்ளே வரமாட்டேன் என்று நின்றுவிட்டாள். குளிர்காலத்தில் ஏரியில் பூநாரைகள் நிற்கும். ஊர் சமதளம், நடக்கச் சுலபம். குடை மட்டும் மறக்காதீர்கள்.

இனி எண்ணூர் முகத்துவாரம். கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற இடம். எண்ணூர் ரயில் நிலையத்தில் இறங்கி ஆட்டோவில் நெட்டுக்குப்பம் போய், அங்கிருந்து மணலோடு வடக்கே நடக்க வேண்டும். கடலுக்குள் பாதியில் நிற்கிற பழைய பாலம் ஒன்று உண்டு, கல்யாண ஜோடிகள் போட்டோ எடுக்க வருவார்கள். அதன் மேல் ஏறாமல் கீழேயே நடங்கள். வலது கைப்பக்கம் கடல், எதிரே ஆற்றுக்கு அப்பால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். அழகு என்று சட்டென்று சொல்ல வராது. ஆனால் எனக்கு அங்கே போகாமல் இருக்க முடியவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து ஆறு முழுக்கப் படிந்ததே, அது நினைவிருக்கும். நான் முதல்முறை போனது அதற்கு ஏழெட்டு மாதம் கழித்து. கரையில் கட்டியிருந்த ஒரு படகின் மேல் கை வைத்தேன். உள்ளங்கையில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது, சோப்புப் போட்டும் இரண்டு நாள் போகவில்லை. அலையாத்திச் செடிகளின் தண்டில் தண்ணீர் ஏறிய உயரம் வரை கோடு போட்ட மாதிரி கறை. அங்கே தொழில் செய்கிறவர்கள் இதை உடம்பெல்லாம் பூசிக்கொண்டுதானே வேலை பார்த்திருப்பார்கள் என்று நினைத்தபோது மனசு ஆறவில்லை.

போன மாதம் போனபோது இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் குனிந்து கையாலேயே இறால் தடவிக்கொண்டிருந்தார். பறியை, அதாவது ஓலையில் பின்னிய மீன் கூடையை, பல்லால் கடித்துப் பிடித்திருந்தார். சேற்றைத் துழாவிய கை மேலே வரும், விரலிடுக்கில் ஓர் இறால் துடிக்கும், அது பறிக்குள் விழும், கை மறுபடி தண்ணீருக்குள் போகும். நான் அரை மணி நேரம் நின்று பார்த்திருப்பேன். கரையேறியதும் பறியைக் கீழே வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எவ்வளவுண்ணா இருக்கும்?"

"முக்கால் கிலோ தேறும்மா. முன்னெல்லாம் இந்நேரத்துக்குப் பறி ரொம்பிடும்."

கால் கிலோ வாங்கிக்கொண்டேன். இலையில் கட்டிக் கொடுத்தார். ரயிலில் வரும்போதும் உள்ளே ஒன்றிரண்டு அசைந்துகொண்டிருந்தன.