பணம் முதலிலா, கையெழுத்து முதலிலா: கடலூரில் வாடகைக்கு வீடு பிடிப்பவர்களுக்கு

வீடு பிடித்துப்போனதும் பணத்தை எப்போது கொடுப்பது? மூன்று வழிகள் உண்டு. அட்வான்ஸ் முழுவதையும் ரொக்கமாகக் கொடுத்துச் சாவி வாங்கிவிட்டு, அக்ரிமென்ட்டை அப்புறம் போடுவது. சின்னதாக டோக்கன் கொடுத்துவிட்டு, கையெழுத்தன்று மீதியைத் தருவது. கையெழுத்தாகும்வரை எதுவுமே தராமல் இருப்பது.

மூன்றாவதில் உங்களுக்கு ஆபத்தே இல்லை. ஆனால் ஜூன் மாதம் பள்ளி திறக்கும் சமயத்தில் மஞ்சக்குப்பத்தில் காலியான வீடு உங்களுக்காகக் காத்திருக்காது.

முதல் வழி வேகமானது. பலரும் அதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சாவி கைமாறிய பிறகு பத்திரத்துக்கு இரண்டு பக்கமும் அவசரம் இருக்காது. காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வேன் என்று வீட்டுக்காரர் சொன்னால், எடுத்துக்காட்ட ஒரு காகிதம் இருக்காது.

ஆகவே என் ஓட்டு டோக்கனுக்கு. அதையும் ஜிபேயில் அனுப்புங்கள், குறிப்பில் 'வீட்டு டோக்கன்' என்று எழுதுங்கள். எந்தத் தேதிவரை வீட்டைப் பிடித்து வைப்பார், பேச்சு முறிந்தால் பணம் திரும்புமா என்பதை வீட்டுக்காரரிடமிருந்து வாட்ஸப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். கையெழுத்தன்று மீதியை வங்கி வழியாக அனுப்பி, பரிவர்த்தனை எண்ணை அக்ரிமென்ட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். அன்றைக்கே மின்மீட்டரைப் படம் எடுங்கள். இங்கே கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், படம் இல்லாவிட்டால் முன்பு இருந்தவர் ஓட்டிய ஏசிக்கு நீங்கள் கட்ட வேண்டியதாகிவிடும். மழையில் தண்ணீர் தேங்கும் தெரு என்றால் சுவரின் அடிப்பகுதியையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓதம் ஏறிய சுவருக்கு உங்கள் அட்வான்ஸில் கை வைக்கக் கூடாது.

அடுத்து, 11 மாத அக்ரிமென்ட்டா, அதற்கு மேலா? ஓராண்டைத் தாண்டினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதால்தான் எல்லோரும் 11 மாதம் போடுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் தவறு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, 11 மாதமானாலும் அக்ரிமென்ட்டை 90 நாளுக்குள் அரசின் வாடகை அதிகார அமைப்பிடம் (Rent Authority) பதிய வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது அதே சட்டம். 9,000 ரூபாய் வாடகைக்கு 27,000. கூடுதலாகக் கேட்டு நீங்களும் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும், கவனம். காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும்.

முள்ளோடை எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிப் பக்கம் வீடு எடுத்தால் இந்தச் சட்டம் செல்லாது. அங்கே இருப்பது 1969-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதனால் அந்தப் பக்கம் போகிறவர்கள், அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும், எதற்கெல்லாம் பிடிக்கலாம் என்ற இரண்டையும் அக்ரிமென்ட்டில் எழுதாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.