ரீஃபர்பிஷ்ட் 18 டிபி ஹார்ட் டிஸ்க்: வாங்கலாமா, எப்படிச் சோதிப்பது?

சீகேட் எக்ஸோஸ் எக்ஸ்18, வெஸ்டர்ன் டிஜிட்டல் அல்ட்ராஸ்டார் எச்சி 550, தோஷிபா எம்ஜி08 (இது மட்டும் 16 டிபி). வீட்டு நாஸுக்காக (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் பெட்டி) ரீஃபர்பிஷ்ட் டிஸ்க், அதாவது ஏற்கெனவே ஓடி மறுவிற்பனைக்கு வந்த டிஸ்க், தேடுகிறவர் கண்ணில் திரும்பத் திரும்பப் படுபவை இந்த மூன்றும்தான். மூன்றும் டேட்டா சென்டருக்காகச் செய்தவை: நிமிடத்துக்கு 7200 சுற்று, உள்ளே ஹீலியம், ஆண்டுக்கு 550 டிபி வரை எழுதவும் படிக்கவும் தாங்கும் என்ற கணக்கு, புதிதாக வாங்கினால் ஐந்து ஆண்டு வாரண்டி. அந்த வாரண்டி முடியும் தறுவாயில் நிறுவனங்கள் இவற்றை மொத்தமாகக் கழற்றி விற்றுவிடுகின்றன. பெரும்பாலும் டிஸ்க் பழுதானதால் இல்லை. அதே ரேக்கில், அதே மின்சாரச் செலவில் 24 டிபி டிஸ்க் மாட்டினால் லாபம், அவ்வளவுதான்.

தாராளமாக வாங்கலாம், ஒரு நிபந்தனையோடு. மறுபேச்சில்லாமல் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்க வேண்டும். திருப்பும் கெடு முடிவதற்குள் டிஸ்கை முழுதாகச் சோதித்துவிட வேண்டும். ஓடிய டிஸ்க் இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று எந்த மென்பொருளாலும் சொல்ல முடியாது. லட்சக்கணக்கான டிஸ்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் வெளியிடும் கணக்கின்படி, அவர்களிடம் ஆண்டுப் பழுது விகிதம் 2022-இல் 1.37 சதவீதம், 2023-இல் 1.70, 2024-இல் 1.57. அது குளிரூட்டிய அறையில், புதிதாக வாங்கி மாட்டிய டிஸ்குகளின் கணக்கு. பழைய டிஸ்க், கூரியர் வண்டியில் குலுங்கி வந்தது, வெயில் காலத்து அறையில் ஓடுவது என்றால் இதைவிட மோசமாக இருக்கும் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

விலையை எப்போதும் ஒரு டிபிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். ஐந்து ஆண்டு வாரண்டியோடு வரும் புது டிஸ்கைவிட மூன்றில் ஒரு பங்காவது குறைவாக இல்லையென்றால் புதிதே வாங்கிவிடலாம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியையும், பழுதானால் திருப்பி அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான் கணக்கு. சேர்த்துப் பார்த்தால் பல 'சல்லிசு விலை'கள் காணாமல் போய்விடும்.

ரீஃபர்பிஷ்ட் என்ற ஒரே பெயரில் மூன்று வகைச் சரக்கு விற்கிறது. முதலாவது, தயாரித்த நிறுவனமே திரும்ப வாங்கிச் சோதித்து, புது லேபிள் ஒட்டி விற்பது. சீகேட்டில் பச்சைக் கரையிட்ட லேபிளில் ஃபேக்டரி ரீசர்டிஃபைடு என்று அச்சிட்டிருக்கும். இதில் ஓடிய மணிக்கணக்கை நிறுவனமே பூஜ்யமாக்கிவிடும். ஆகவே பூஜ்யம் தெரிந்தால் ஏமாற்று என்றும் இல்லை, புதிது என்றும் இல்லை. இரண்டாவது, விற்பவரே சோதித்து, துடைத்து, தன் பெயரில் வாரண்டி தருவது. ஓடிய மணி அப்படியே தெரியும். 30,000, 40,000 என்று இருந்தாலும் பதற வேண்டியதில்லை. மூன்றாவது, சர்வரிலிருந்தோ சிசிடிவி பெட்டியிலிருந்தோ பிடுங்கி, பேருக்கு ஒரு ஃபார்மட் போட்டு விற்பது. சென்னை ரிச்சி தெருவானாலும் சரி, இணையக் கடையானாலும் சரி, கேட்க வேண்டியது ஒன்றுதான்: "வாரண்டி கம்பெனியோடதா, உங்களோடதா?" இந்த டிஸ்குகளில் பல, சர்வர் தயாரிப்பாளர்களுக்கு மொத்தமாக விற்றவை. சீரியல் எண்ணைச் சீகேட் தளத்தில் போட்டால் வாரண்டி இல்லை என்றே வரும். அப்போது கடைக்காரர் சொல்தான் வாரண்டி. பில்லில் சீரியல் எண்ணையும் காலத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இவை மூன்றிலும் சேராத ஒன்றுக்குத்தான் உண்மையில் பயப்பட வேண்டும்: பழையதைப் புதிது என்று விற்பது. 2025 ஜனவரியில் ஜெர்மனியின் ஹைஸே தொழில்நுட்பச் செய்தித்தளம் இதை வெளிக்கொண்டுவந்தது. புதிது என்று விற்ற எக்ஸோஸ் டிஸ்குகளில் ஸ்மார்ட் பதிவு (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைப்பது) ஓடிய மணி பூஜ்யம் என்று காட்டியது. ஆனால் சீகேட் டிஸ்குக்குள் தனியாக இருக்கும் ஃபார்ம் என்ற பதிவில் 15,000 மணிக்கு மேல் ஓடிய தடயம் கிடைத்தது. டிஸ்கில் உள்ள இடத்தைக் கொண்டு ஈட்டும் சியா என்ற கிரிப்டோ நாணயத்துக்காக இரவு பகலாக ஓடிய டிஸ்குகளாக இருக்கலாம் என்பது அப்போது எழுந்த சந்தேகம். அதே ஆண்டு மே மாதம் மலேசியாவில் கோலாலம்பூருக்கு அருகே ஒரு கிடங்கில் சோதனை நடந்து, நூற்றுக்கணக்கான போலி சீகேட் டிஸ்குகள் பிடிபட்டன. ஃபார்ம் பதிவைப் பார்க்க ஸ்மார்ட்மோன்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளின் 7.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். பிறகு ஃபார்ம் பதிவையும் திருத்தத் தொடங்கிவிட்டார்கள் என்பதால் அதையும் முழுக்க நம்ப முடியாது. கண்ணால் பார்ப்பதும் அவசியம்.

டிஸ்க் கைக்கு வந்ததும் மாட்டிவிடாதீர்கள். சாட்டா முனையில் வரிசையாக இருக்கும் தங்க முலாம் பட்டைகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒருமுறைகூட மாட்டாத டிஸ்கில் அவை வழுவழுப்பாக இருக்கும்; பலமுறை செருகியதில் நடுவே மெல்லிய கோடுகள் விழுந்திருக்கும். பக்கவாட்டுத் திருகுத் துளையில் மரை பளபளவென்று தேய்ந்திருந்தால் அது எங்கோ ட்ரேயில் உட்கார்ந்திருந்தது. ரீஃபர்பிஷ்ட் என்று சொல்லி விற்றதில் இவை இருந்தால் குறையில்லை; புதிது என்று விற்றதில் இருந்தால் உடனே திருப்புங்கள். லேபிளில் உள்ள சீரியல் எண்ணும், மாட்டிய பிறகு மென்பொருள் காட்டும் சீரியல் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓரம் நசுங்கியிருந்தாலோ மேல்மூடி குழிந்திருந்தாலோ மின்சாரம் கொடுக்காமல் படம் எடுத்துத் திருப்பி அனுப்புங்கள். பெரிய அட்டைப்பெட்டிக்குள் ஒரு சுற்று பபிள் ராப்போடு உருண்டு வந்த டிஸ்க் முதல் நாள் ஓடினாலும் அதை நம்பி வைக்க முடியாது. நல்ல கடைகள் டிஸ்கின் அளவுக்கே வெட்டிய நுரைத் தாங்கியில் வைத்து அனுப்பும். கடையை எடைபோட இதைவிட எளிய வழி கிடையாது.

மாட்டியும் சுழலவே இல்லையா? டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். சாட்டா பவர் முனையின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்கை அணைத்து வைக்கும் வசதி சில டேட்டா சென்டர் மாடல்களில் உண்டு. பழைய பவர் சப்ளைகள் அந்தப் பின்னில் எப்போதும் 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும், டிஸ்க் எழுந்திருக்காது. அந்தப் பின்னைக் காப்டன் டேப் (மின்சாரம் கடத்தாத டேப்) துண்டால் மூடினால் போதும். பவர் சப்ளையின் நான்கு பின் மோலெக்ஸ் முனையிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிளிலும் வேலை முடியும், ஏனென்றால் மோலெக்ஸில் 3.3 வோல்ட் கம்பியே இல்லை. ஆனால் பிளாஸ்டிக்கில் வார்த்த முனை உள்ள மலிவுக் கேபிள் வேண்டாம். உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டுத் தீப்பிடித்த கதைகள் ஏராளம். கம்பி தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும் கிரிம்ப் வகைதான் பத்திரம்.

இனி எண்கள். ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 198 (டிஸ்கில் கெட்டுப்போன இடங்களின் கணக்கு) மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும், 187-உம் (திருத்த முடியாத பிழைகள்) அப்படியே. இவற்றில் ஒன்று ஏறியிருந்தாலும் பேரம் பேசாமல் திருப்புங்கள். 199 ஏறுவது பெரும்பாலும் கேபிள் கோளாறு. கேபிளை மாற்றிய பிறகும் ஏறுகிறதா என்று பாருங்கள். சீகேட்டில் 1-உம் 7-உம் கோடிக்கணக்கில் காட்டும். அதைப் பார்த்து நல்ல டிஸ்கைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. அந்த எண்ணில் பிழைகளின் எண்ணிக்கையும் மொத்தச் செயல்களின் எண்ணிக்கையும் சேர்த்து அடைத்திருக்கும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற விண்டோஸ் மென்பொருளில் பதினாறடி எண்ணாகத் (ஹெக்ஸ்) தெரியும் பன்னிரண்டு இலக்கங்களில் முதல் நான்கும் பூஜ்யம் என்றால் பிழை இல்லை. அல்ட்ராஸ்டாரில் 22 என்பது ஹீலியம் அளவு. அது 100-இல் நிற்க வேண்டும், குறைந்திருந்தால் வேண்டாம். விண்டோஸில் 18 டிபி டிஸ்க் 16.3 என்று தெரிவதும் ஏமாற்று இல்லை; எண்ணும் முறை வேறு.

சோதனைக்கு டிஸ்கை மதர்போர்டில் நேராக மாட்டுங்கள். யூஎஸ்பி பெட்டிகள் பல, நடுவில் டிஸ்கைத் தூங்க வைத்து நீண்ட சோதனையைக் கெடுத்துவிடும். முதலில் ஸ்மார்ட் பதிவை ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு லினக்ஸில் பேட்பிளாக்ஸ் என்ற நிரலைக் கொண்டு முழு டிஸ்கையும் எழுதிப் படித்துப் பாருங்கள். இது டிஸ்கில் இருப்பதையெல்லாம் அழித்துவிடும். எந்த டிஸ்கின் பெயரைக் கொடுக்கிறோம் என்பதைச் சீரியல் எண்ணோடு ஒத்துப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள். 18 டிபியில் பலர் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பழைய வழிகாட்டிகள் சொல்கிறபடி பிளாக் அளவு 4096 கொடுத்தால், எண்ணிக்கை 32 பிட்டுக்குள் அடங்காமல் நிரல் நின்றுவிடும். 16 டிபி டிஸ்குக்கு 4096 போதும். 18 டிபிக்கு 8192 கொடுங்கள்.

நேரமும் முக்கியம். வெளி விளிம்பில் வினாடிக்கு 270 எம்பி வரை எழுதும் இந்த டிஸ்க், உள்ளே போகப் போகப் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். சராசரி 200 என்று வைத்தால் ஒருமுறை முழுதாக எழுத 25 மணி நேரம். பேட்பிளாக்ஸ் வழக்கமாக நான்கு வடிவங்களை எழுதி நான்கு முறை படிக்கும். அதற்கே எட்டு நாளுக்கு மேல் ஆகும். ஒரே வடிவம், பூஜ்யம் மட்டும், என்று கொடுத்தால் இரண்டு நாள் சொச்சம். அதன் பின் ஸ்மார்ட் நீண்ட சோதனை, இன்னும் ஒரு நாளுக்குச் சற்று மேல். கடைசியில் ஸ்மார்ட் பதிவை மறுபடி எடுத்துப் பழையதோடு ஒப்பிடுங்கள். ஆக ஒரு டிஸ்குக்கு மூன்றரை நாள். நான்கு டிஸ்க் வாங்கியிருந்தால் நான்கையும் ஒரே நேரத்தில் ஓட்டலாம். ஏழு நாள் கெடு தரும் கடையில் டிஸ்க் வந்த அன்றே தொடங்கினால்தான் முடியும். முப்பது நாள் தரும் கடைக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

நான்கையும் ஒன்றாக ஓட்டும்போது சூட்டைக் கவனியுங்கள். எக்ஸோஸுக்கு 60 டிகிரி வரை அனுமதி உண்டு என்றாலும் 45-க்குள் வைத்திருப்பது நல்லது. சித்திரை வெயிலில் அறையே 35-ஐத் தாண்டும் ஊரில், மின்விசிறி இல்லாத பெட்டியில் அது நடக்காது. டிஸ்குக்கு முன்னால் ஒரு 120 மிமீ விசிறி கட்டாயம். சுழலத் தொடங்கும் நொடியில் ஒவ்வொரு டிஸ்கும் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். நான்குக்கு அந்தத் தடத்தில் மட்டும் ஏறக்குறைய 100 வாட். 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரோடு வரும் ஒற்றை டிஸ்க் பெட்டிகள் இங்கேதான் திணறி, டிஸ்க் டிக் டிக்கென்று நின்று நின்று எழும். ஓட ஆரம்பித்துவிட்டால் சும்மா இருக்கும்போது 5 வாட் சொச்சம்தான். மின்வெட்டு உள்ள ஊரில் யூபிஎஸ் இல்லாமல் நாஸ் வைக்கவே வேண்டாம்.

சத்தம் பற்றிப் பொய் சொல்ல முடியாது. இவை படுக்கையறைக்கானவை அல்ல. எழுதும்போது கரகரக்கும், அல்ட்ராஸ்டார் சும்மா இருக்கும்போதும் ஐந்து வினாடிக்கு ஒருமுறை 'டொக்' என்னும். அது பழுது இல்லை, தேய்மானத்தைத் தவிர்க்க ஹெட்டை நகர்த்தும் ஏற்பாடு. இன்னொரு சின்ன எரிச்சல்: பெரிய கொள்ளளவு டிஸ்குகளில் பக்கவாட்டு நடுத் துளை இருக்காது. பழைய கேபினெட் ட்ரேயில் நடுத் திருகை நம்பியிருந்தால் உட்காராது.

சாஸ் வகை டிஸ்க் (சாட்டாவுக்குப் பதிலாகச் சர்வர்களில் பயன்படும் இணைப்பு முறை) இன்னும் மலிவாகக் கிடைக்கும். சாதாரண மதர்போர்டில் அது வேலை செய்யாது. எல்எஸ்ஐ 9300-8ஐ போன்ற அட்டையும், அதில் ஐடி மோட் ஃபர்ம்வேரும் (டிஸ்குகளை ரெய்டு ஆக்காமல் அப்படியே கணினிக்குக் காட்டுவது), தனிக் கேபிளும் வேண்டும். ஸ்டோரேஜ் பெட்டிகளிலிருந்து வந்த சாஸ் டிஸ்க் 520 பைட் செக்டாரில் இருந்தால், எஸ்ஜி3 யூட்டில்ஸால் 512-க்கு மாற்றி ஃபார்மட் செய்ய ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். நடுவில் மின்சாரம் போனால் முதலிலிருந்து. இரண்டு டிஸ்குக்காக இந்தப் பாடு தேவையில்லை, எட்டு என்றால் யோசிக்கலாம். அல்ட்ராஸ்டார் எச்சி 620, எச்சி 650 என்று மிக மலிவாக வந்தால் தொடவே வேண்டாம். அவை ஹோஸ்ட் மேனேஜ்டு எஸ்எம்ஆர், அதாவது தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும், எழுதும் வரிசையைக் கணினியே பார்த்துக்கொள்ள வேண்டிய வகை. விண்டோஸோ வழக்கமான நாஸ் மென்பொருளோ அவற்றில் எழுதாது.

டிஸ்க் தேறிவிட்டது என்றால், முதல் கோப்பை வைக்கும் முன்பே என்கிரிப்ஷன் போட்டுவிடுங்கள். பாதியில் செத்த டிஸ்கை அழிக்க முடியாது. வாரண்டிக்காக அனுப்பும்போது குடும்பப் படங்களும் வங்கி ஆவணங்களும் அதோடு சேர்ந்து போகும். இரண்டு டிஸ்க் என்றால் மிரர் (இரண்டிலும் ஒரே பிரதி). நான்கு, ஐந்து என்றால் ரெய்டு-இசட்2 (இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் அமைப்பு). அத்தனை டிஸ்குகள் இருக்கும்போது, ஒரே டிஸ்க் இழப்பை மட்டும் தாங்கும் அமைப்பு 18 டிபிக்குப் போதாது: மாற்று டிஸ்கை நிரப்பக் குறைந்தது ஒரு நாள் ஆகும், அந்த நேரம் முழுக்க மற்ற பழைய டிஸ்குகள் இடைவிடாமல் உழைக்கும். முடிந்தால் இரண்டு கடைகளில் பாதிப் பாதியாக வாங்குங்கள்; ஒரே ரேக்கில் ஒன்றாக ஓடியவை அடுத்தடுத்துப் போகும் வாய்ப்பு அதிகம். இவ்வளவும் செய்தாலும் அது பேக்கப் ஆகாது. போனால் திரும்பக் கிடைக்காத படங்களுக்கு வேறொரு வீட்டில் இன்னொரு பிரதி வேண்டும்.

மூன்றில் எது என்றால், எங்கள் முதல் தேர்வு எக்ஸ்18-இன் ஃபேக்டரி ரீசர்டிஃபைடு. ஃபார்ம் பதிவு அதில் மட்டும்தான் உண்டு. ஹெட்டை அடிக்கடி நிறுத்திவைக்கும் பழக்கம் மட்டும் குறை. ஸ்மார்ட் பட்டியலில் 193 (ஹெட்டை நிறுத்திய எண்ணிக்கை) வேகமாக ஏறினால் ஓபன்சீசெஸ்ட் என்ற சீகேட்டின் இலவசக் கருவியைக் கொண்டு அதை அணைத்துவிடலாம். எச்சி 550 ஹீலியம் அளவை நேராகக் காட்டுகிறது, 'டொக்' சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். 16 டிபி எம்ஜி08 ஒரு டிபிக்கு இவற்றைவிட மலிவாகக் கிடைத்தால் மட்டும். எதை வாங்கினாலும் அது வந்த பெட்டி, நுரைத் தாங்கி, ஆன்டி ஸ்டாட்டிக் பை மூன்றையும் வாரண்டி முடியும்வரை பரணில் போட்டு வையுங்கள். மூலப் பொதியில் வராத டிஸ்கை 'வழியில் அடிபட்டது' என்று கடைகள் தட்டிக் கழிப்பது சாதாரணம்.