கெட்டிமேளத்துக்கு நடுவே ஓசையில்லாத ஷட்டர்

இந்த ஆடி மாதத்தில் என் கேமராவின் மெக்கானிக்கல் ஷட்டரை, அதாவது ஒளியை உள்ளே விடத் திறந்து மூடும் திரையை, முழுவதுமாக மாற்ற வேண்டியதாயிற்று. தயாரிப்பாளர் குறிப்பிடும் ஆயுள் 2 லட்சம் கிளிக். அதைத் தாண்டி, ஆனி முகூர்த்தங்கள் முடியும்வரை தாங்கிவிட்டுத்தான் அது நின்றது என்பதால் அதன்மீது பழி சொல்ல எனக்கு நியாயமில்லை. சர்வீஸ் ரசீதைப் பார்த்து வந்த கோபம் வேறு. தேயவே தேயாத, ஓசையே எழுப்பாத எலக்ட்ரானிக் ஷட்டர் ஒன்று அதே கேமராவுக்குள் இருந்தும், திருமண மண்டபத்தில் அதைத் தொட முடிவதில்லை. கேமராவின் பெயர் வேண்டாம். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் என்றால் போதும், அந்த விலையில் வருபவை பலவற்றுக்கும் இந்தக் குறை பொதுவானது.

எலக்ட்ரானிக் ஷட்டர் படம் முழுவதையும் ஒரே கணத்தில் எடுப்பதில்லை. படத்தைப் பதியும் சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படித்துக்கொண்டு போகிறது. என் கேமராவில் ஒரு முறை படித்து முடிக்க ஏறத்தாழ 1/20 விநாடி ஆகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மண்டபங்களில் மாட்டியிருக்கும் மலிவான எல்இடி விளக்குகள் விநாடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்குகின்றன. ஆக, ஒரு படம் பதிவாகி முடிவதற்குள் விளக்கு 5 முறை மங்கிவிடுகிறது. மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டி முதல் ஒட்டியாணம் வரை குறுக்கே இருண்ட பட்டைகள் விழுந்துவிடுகின்றன. ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 என வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் விளக்கின் முழுச் சுற்று கிடைப்பதால் பட்டை மறையும். ஆனால் அந்த வேகத்தில் அட்சதை தூவும் கைகள் கலங்கிப்போகும். மேடை அலங்காரத்துக்கு டிம்மரில் ஓடும் வண்ண விளக்குகளோ இந்தக் கணக்குக்கும் கட்டுப்படுவதில்லை. ஒவ்வொரு நிறமும் தன் போக்கில் துடிப்பதால், கன்னத்தில் ஒரு ஊதாக் கோடும் கழுத்தில் ஒரு பச்சைக் கோடுமாகப் படம் பாழாகிறது. மெக்கானிக்கல் ஷட்டரின் திரை ஏறக்குறைய 1/250 விநாடிக்குள் சென்சாரைக் கடந்துவிடுவதால் அங்கே பட்டைகள் இப்படி அடுக்கடுக்காக விழ வழியில்லை. விளக்கு உச்சத்தில் இருக்கும் கணம் பார்த்துத் திறக்கும் ஆன்ட்டி ஃபிளிக்கர் வசதியும் இந்தக் கேமராவில் அதற்கு மட்டுமே உண்டு.

நான் படம் எடுப்பது நெல்லை, தூத்துக்குடி பக்கம். ஒரு வாரம் மண்டபத்தில் முகூர்த்தம் என்றால் மறுவாரம் பாளையங்கோட்டையில் தேவாலயத் திருமணமாக இருக்கும். மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் முழங்கும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலே கேட்காது. அங்கே ஓசையில்லாத ஷட்டர் யாருக்கு வேண்டும்? தேவாலயத்தில் மணமக்கள் உறுதிமொழி சொல்லும்போதுதான் அது வேண்டும். ஒவ்வொரு கிளிக்குக்கும் முதல் வரிசைப் பெரியவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், குருவானவரின் புருவம் நெரிகிறது. அந்தத் தேவாலயங்களிலும் இப்போது பீடத்தைச் சுற்றி எல்இடி பட்டி ஒட்டிவிட்டார்கள். தேவையில்லாத இடத்தில் அமைதியும் தேவையான இடத்தில் பட்டையும் தரும் ஒரு வசதிக்காகப் பெட்டியின்மேல் ‘சைலன்ட்’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பதை இன்னமும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இவ்வளவு திட்டிய பிறகு இதையும் சொல்லியாக வேண்டும்: அதிகாலை முகூர்த்தத்தில் இந்தக் கேமரா தருவதை என்னிடம் முன்பிருந்த எதுவும் தந்ததில்லை. விடிவதற்கு முன் மணவறையில் குத்துவிளக்கும் ஹோமத் தீயும் வீடியோக்காரரின் ஒற்றை லைட்டும்தான் இருக்கும். மண்டபக் கூரை உயரம். போதாததற்குச் சிவப்பும் மஞ்சளுமாகத் துணி கட்டியிருப்பார்கள் என்பதால் ஃப்ளாஷை மேலே திருப்பி பவுன்ஸ் செய்தால் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டிகூட மஞ்சளாகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் நிறைய ஒளியை உள்ளே விடும் 35 எம்எம் எஃப் 1.8 லென்ஸுடன், ஒளியுணர்திறனை ஐஎஸ்ஓ 6400 என உயர்த்தி வைத்து, ஃப்ளாஷ் இல்லாமலே எடுக்கிறேன். ஹோமப் புகைக்கு நடுவிலும் ஃபோகஸ் கண்ணைப் பிடித்து நிற்கிறது. எனக்கு எதிர்பாராத மகிழ்ச்சியைத் தந்தது மாநிற முகங்களின் நிழல்பகுதி: முன்பெல்லாம் தாடையோரம் சேறுபோலக் கலங்கிய இடத்தில் இப்போது தோலின் நிறம் தோலின் நிறமாகவே இருக்கிறது. ஆல்பத்தில் அதை வெளுப்பாக்கித் தரச் சொல்லும் உறவினர்களை மாற்ற எந்தக் கேமராவாலும் முடியாது.

மாலை வரவேற்பு வேறு கதை. மேடை முழுதும் ஊதா விளக்கை அடித்துவிட்டால் பச்சை நிறத் தகவலே சென்சாருக்கு ஏறக்குறைய வராது. சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா (RAW) கோப்பாக எடுத்தாலும் வராததைப் பிற்பாடு வரவழைக்க முடியாது. அங்கே விளக்குக்காரரிடம் முன்பக்கத்து இரண்டு லைட்டை மட்டும் வெள்ளையாக வைக்கக் கேட்டுக்கொள்வதே வழி. அது கேமராவின் குற்றமன்று.

இப்போது இதன் விலை நன்றாக இறங்கியிருக்கிறது. தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் வாங்கலாமா என்று கேட்டார். வாங்க வேண்டாம் என்றேன். படிக்கும் மின்சுற்றைப் பின்னால் அடுக்காக வைத்த ஸ்டாக்டு சென்சார் உள்ள கேமராக்கள் பல மடங்கு விரைவாகப் படித்து முடித்துவிடுவதால் பட்டைத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. சென்சார் முழுவதையும் ஒரே கணத்தில் படிக்கும் குளோபல் ஷட்டருடன் சோனி ஏ9 III 2023இல் அறிமுகமாகிவிட்டது. அதன் விலையை நம் ஊர்க் கல்யாண வரும்படி எட்டாது. ஆனாலும் கொஞ்சம் பொறுத்தால் அந்த நுட்பம் கீழே இறங்கி வரும், அதுவரை இருப்பதை வைத்து ஓட்டுங்கள் என்று அவரிடம் விளக்கமாகவே சொன்னேன். அப்படியானால் உங்களுடையதை எனக்குக் கொடுத்துவிடுங்களேன் அண்ணா, ஷட்டர்கூடப் புதிது என்றார். கொடுப்பதற்கில்லை. ஆவணிக்கு இதே மாடலில் இன்னொன்று வாங்குவதற்குக் கடையில் முன்பணம் கட்டியிருக்கிறேன்.