டியூபா, படகா, பம்புசெட்டா? டெல்டாவில் நண்பர்களோடு ஒரு வார இறுதி

நண்பர்கள் கூடி ஆற்றில் டியூப் போட்டு மிதக்கலாம் என்று பேச்சு எழுந்தால், உடனே வரும் கேள்வி "எந்த ஆத்துல?" என்பதுதான். காவிரி டெல்டாவைப் பொறுத்தவரை அது பாதிக் கேள்வி. இங்கே எந்த ஆறும் தன்னிஷ்டத்துக்கு ஓடுவதில்லை. மேட்டூர் அணையில் திறந்து, கல்லணையில் பிரித்து, அதற்குக் கீழே ஆறு பிரிகிற ஒவ்வொரு தலைப்பிலும் ஷட்டரை ஏற்றி இறக்கி அனுப்புகிற பாசனத் தண்ணீர்தான் காவிரி, வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு என்று பல பேரில் ஓடுகிறது. அதனால் எந்த இரண்டு ஷட்டருக்கு நடுவில் மிதக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், ஆறு எது என்பது தானாகவே முடிவாகிவிடும்.

தாண்டேலி, ரிஷிகேஷ் ராஃப்டிங் வீடியோக்களைப் பார்த்துவிட்டு அதே மாதிரி இங்கேயும் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அது மலை ஆறு; கூடவே ஹெல்மெட், வழிகாட்டி, ரப்பர் படகு என்று ஒரு தொழிலே நடக்கிறது. நம் பக்கம் பஞ்சர் கடை டியூபும் நமக்குத் தெரிந்த படித்துறையும்தான். ஆனால் நிலம் தட்டையாக இருப்பதால் கிளை ஆறுகளில் தண்ணீர் பெரும்பாலும் நடை வேகத்தில்தான் போகும். மெதுவாக மிதந்துகொண்டே அரட்டை அடிக்க அந்த வேகம் போதும், வெள்ளை நுரையெல்லாம் எதற்கு?

என் கணக்கில் முதலிடம் நடுத்தரக் கிளை ஆறுகளுக்குத்தான். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு பிரிகிறது. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது. இந்த அளவு ஆறுகளில் இரு கரையும் கண்ணுக்கு எட்டும், கை துடுப்பாகவே போதும், கரையேறப் படித்துறையோ மாடு இறங்கும் சரிவோ அடிக்கடி கிடைக்கும். கரையில் மூங்கிலும் நாணலும் உண்டு. தலைக்கு மேல் மீன்கொத்தி பறக்கும். பாலத்தடியில் போகும்போது கூப்பிட்டால் எதிரொலி வரும், அதற்காகவே ஒருவன் ஒவ்வொரு பாலத்துக்கும் கத்துவான். தவிர்க்க வேண்டியது பெரிய ஊர்களைத் தாண்டிய உடனே வரும் பகுதியை. ஊர்ச் சாக்கடை எங்கே கலக்கிறது என்பது அந்தந்த ஊர்க்காரர்களுக்கே தெரியும், கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

இறங்கும் இடம் ஒரு ரெகுலேட்டருக்கு, அதாவது ஷட்டர் வைத்த தடுப்பணைக்கு, கீழே நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும். கரையேறும் இடம் அடுத்த ரெகுலேட்டருக்கு மேலே அதைவிடத் தள்ளி இருக்க வேண்டும். ஷட்டர் திறந்திருந்தால் மேலே தண்ணீர் சலனமே இல்லாமல் கண்ணாடியாகத் தெரியும், ஆனால் இழுப்பு முழுக்க அடியில் இருக்கும். கீழ்ப்பக்கம் கான்கிரீட் தளமும் கல்லும் போட்டிருப்பார்கள். அங்கே விழுகிற தண்ணீர் புரண்டு புரண்டு திரும்பி வரும், அதில் மாட்டிய ஆளை வெளியே விடாது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு இருக்கிறதே, வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிற இடம், நின்று பார்க்க அவ்வளவு அழகு. மிதக்க ஏற்ற இடம் அது இல்லை. ஏறும் படித்துறையில் ஒருவனை மஞ்சள் துண்டோடு நிறுத்திவிடுவது நல்லது. அவனிடமே செருப்பு, செல்போன், வண்டிச் சாவி எல்லாம் இருக்கும். திரும்பி வர ஒரு குட்டியானை வண்டி பேசிக்கொண்டால் டியூபுகளை அப்படியே பின்னால் அடுக்கிவிடலாம்.

முந்தின நாள் சாயங்காலம் ஷட்டரை இயக்குகிற ரெகுலேட்டர் லஸ்கரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதற்கு ஈடு எந்த ஆப்பும் கிடையாது. டெல்டாவில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதால், சனிக்கிழமை இரு கரை தொட்டு ஓடிய ஆறு ஞாயிற்றுக்கிழமை முழங்காலளவு ஆகிவிடலாம். "அண்ணே, நாளைக்குத் தண்ணி கொறைப்பீங்களா?" என்று கேட்டால், "கொறைக்கிறதுல என்னப்பா இருக்கு, ஏத்துவோமான்னு கேளு" என்பார். அவர் சொல்வதுதான் விஷயம். குறைந்தால் டியூபைத் தலையில் வைத்துக்கொண்டு மணலில் நடக்க வேண்டும், அவ்வளவுதான். ஏறினால் பாலத்தடி இடைவெளி குறையும், மரக்கிளை தலைக்கு வரும், ஏற நினைத்த படித்துறை தண்ணீருக்குள் போயிருக்கும்.

டியூப் விஷயத்துக்கு வருவோம். லாரி டியூப் ஒரு ஆளுக்குச் சரி. டிராக்டர் பின்சக்கர டியூபில் இரண்டு பேர் சாய்ந்துகொள்ளலாம், ஆனால் ஒருவன் இறங்கினால் மற்றவன் கவிழ்வது நிச்சயம். டியூப்லெஸ் டயர்கள் வந்த பிறகு பழைய டியூப் கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது. ஊர் பஞ்சர் கடையில் ஒரு வாரம் முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும். வாங்கியதும் காற்றடித்து ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்தால் ஒட்டுப் போட்ட இடங்களின் யோக்கியதை தெரிந்துவிடும். காற்றடிக்கும் வால்வு ஒரு விரல் நீளத்துக்குத் துருத்திக்கொண்டிருக்கும். அதை அப்படியே விட்டால் விலா எலும்புக்குக் கீழே கோடு கோடாகக் கீறிவிடும். உள்பக்கமாக மடித்து, பழைய வேட்டித் துணியைச் சுற்றிக் கட்டிவிட வேண்டும். நடுத் துளையில் நைலான் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, மேலே ஒரு சாக்கைப் போட்டால் உட்கார இடம் ஆயிற்று. பதினொரு மணி வெயிலில் கறுப்பு ரப்பர் தொடையைச் சுட்டுவிடும் என்பதால் அந்தச் சாக்கை அடிக்கடி நனைத்துக்கொண்டே போக வேண்டும். டியூபை முழுக்க விறைப்பாகக் காற்றடிக்கவும் வேண்டாம், சூட்டில் அது இன்னும் உப்பும். எல்லா டியூபையும் ஒரே கயிற்றில் கோத்துக் கட்டுவது பார்க்கப் பாதுகாப்பு மாதிரி தெரியும். பாலத் தூணுக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் மூன்று என்று பிரிந்தால் அந்தக் கயிறே எமன். பக்கத்து டியூபில் காலைப் போட்டுக்கொண்டு போனாலே கூட்டம் பிரியாது, தேவைப்பட்டால் காலை எடுத்துவிடலாம்.

டியூபைக் கையில் பிடித்திருந்தால் போதும் என்பது பெரிய தப்புக்கணக்கு. அது கவிழும், வழுக்கும், ஓட்டத்தில் ஆளைவிட வேகமாகப் போய்விடும். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் லைஃப் ஜாக்கெட் வேண்டும், தெரியாதவர்கள் இந்த ஆட்டத்துக்கு வர வேண்டாம். பாட்டிலுக்கும் இதே பதில்தான். லாவோஸ் நாட்டில் வாங் வியெங் என்று ஒரு ஊர் டியூபில் மிதப்பதற்காகவே உலகப் புகழ் பெற்றது. ஆற்றோரம் முழுக்க மதுக்கடைகள், குடித்துவிட்டு மிதந்த பயணிகள் அடுத்தடுத்து செத்ததால் 2012-இல் அரசே அந்தக் கடைகளில் பலவற்றை மூடியது. நம் படித்துறைகளில் நிலைமையைச் சொல்லத் தேவையில்லை. குடிக்கிற கூட்டமாக இருந்தால் ஆற்றுப் பக்கமே போகாமல் தோப்பில் உட்காருவது மேல்.

இதற்கு எதிர்ப்போட்டியாகத் தஞ்சாவூர்ப் பசங்கள் சொல்வது புது ஆறு, அதாவது கல்லணைக் கால்வாய். 1930-களில் வெட்டிய வாய்க்கால், தஞ்சாவூர் நகரத்தை ஒட்டியே போகிறது. வீட்டு வாசலில் ஓடுவது, நேர்கோடாக இருப்பது, தண்ணீர் வேகமாகப் போவது மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஆசை வரும். எனக்குப் பயம்தான் வருகிறது. பல இடங்களில் கரைக்கு கான்கிரீட் போட்டுவிட்டார்கள். பாசி பிடித்த சரிவில் கையூன்றி ஏற முடியாது, பிடிக்க ஒரு நாணல்கூட இல்லை. அங்கே ஆண்டுதோறும் யாராவது மூழ்கிச் சாகிறார்கள். வேண்டாம்.

கொள்ளிடம் இதைவிட மோசம், ஆனால் காரணம் வேறு. அது முதன்மையாகப் பாசன ஆறு இல்லை, உபரியை வாங்கிக் கடலுக்குக் கொண்டுபோகிற வடிகால். மேட்டூர் 120 அடி நிரம்பி மிச்சம் திறக்கும்போது வருவதில் பெரும்பகுதி இதில்தான் திரும்பும். முக்கொம்பில் 1836-இல் கட்டிய மேலணையின் கொள்ளிடப் பக்க ஷட்டர்கள் ஒன்பது 2018 ஆகஸ்டில் அந்த வேகத்தில்தான் அடித்துக்கொண்டு போயின. வெள்ளம் வடிந்த பிறகும் சும்மா இல்லை. மணல் அள்ளிய குழிகள் அப்படியே கிடக்கும். முழங்காலளவுத் தண்ணீரில் நடந்துகொண்டிருப்பவன் அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழத்துக்குப் போவான். அணைக்கரையிலிருந்து சிதம்பரம் பக்கம் வரை முதலை வேறு உண்டு. அகலமான மணல்வெளி, சூரிய அஸ்தமனம், ஃபோட்டோ எல்லாம் பாலத்து மேலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

சரி, கூட்டத்தில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது, ஒருவன் மனைவி குழந்தையோடு வருகிறான் என்றால் படகுதான். அங்கே பிச்சாவரமா முத்துப்பேட்டையா என்ற பழைய சண்டை வரும்; இரண்டும் கடலோர அலையாத்திக் காடுகள்.

பிச்சாவரம் சுலபம். சிதம்பரத்திலிருந்து பக்கம், சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை இருக்கிறது, டிக்கெட் எடுத்தால் லைஃப் ஜாக்கெட் தருகிறார்கள். துடுப்புப் படகு எடுத்தால்தான் அதன் சுகம்; சுரபுன்னை மரங்கள் வேரை வில்லாக வளைத்து ஊன்றி நிற்கிற குறுகலான ஓடைகளுக்குள் மோட்டார் படகால் சரியாக நுழைய முடியாது. ஓடைக்குள் போனதும் தலைக்கு மேல் இலை மூடிக்கொள்ளும், உச்சி வெயிலிலும் குளிர்ச்சி. கிளையை ஒடித்து விளையாடுகிற பழக்கமுள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே தில்லை மரமும் உண்டு, அதன் பால் கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது. குறை என்றால் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் போனால் படகுக்குக் காத்திருக்கும் நேரம் படகில் இருக்கும் நேரத்தைவிட நீளும். காலையில் திறந்த உடனே போய்விட்டு, சிதம்பரம் வந்து சம்பா சாதமும் கொத்சும் சாப்பிட்டால் அன்றைய நாள் கச்சிதம்.

முத்துப்பேட்டை நேர்மாறு. வனத்துறையில் அனுமதி வாங்க வேண்டும், படகு பேச வேண்டும், சாப்பாடு தண்ணீர் கட்டிக்கொண்டு போக வேண்டும், கழிப்பறை வசதி எதிர்பார்க்கக் கூடாது. ஜாம்புவானோடைப் பக்கம் கோரையாற்றில் ஏறினால் இரு கரையிலும் அலையாத்தி நிற்கும், ஆறு மெல்ல மெல்ல அகன்று கடைசியில் காயலில் கொண்டுபோய் விடும். பிச்சாவரத்து நிழல் ஓடை மாதிரி இல்லை, திறந்தவெளி, காற்று, வெயில். தொப்பி இல்லாமல் போனவன் இரண்டு நாள் தோல் உரிவான். ஆனால் கோரையாறு, பாமணியாறு என்று மூணாறு தலைப்பில் பார்த்த தண்ணீர் கடலில் சேருகிற இடம் அது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பறவைகளும் இருக்கும். ஒரு நாள் முழுக்க ஒரே படகில் நண்பர்கள் உட்கார்ந்து பேச, பிச்சாவரத்தைவிட எனக்கு முத்துப்பேட்டைதான் பிடிக்கும். சின்னக் குழந்தை இருந்தால் பிச்சாவரம்.

இதில் எது என்பதை உண்மையில் முடிவு செய்வது காலண்டர்தான். மேட்டூர் திறப்பு வழக்கமாக ஜூன் 12, அடைப்பு ஜனவரி 28. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாள் ஆகும், கடைமடைக்கு இன்னும் தாமதம். முதல் தண்ணீரில் சருகும் குப்பையும் பாம்பும் சேர்ந்து வரும், அதில் யாரும் இறங்க வேண்டாம். ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் வரைதான் டியூபுக்குச் சரியான காலம், அதிலும் கொள்ளிடத்தில் வெள்ள எச்சரிக்கை இருக்கிற நாட்கள் போக. ஆடிப்பெருக்கு அன்று மட்டும் தள்ளி வைத்துவிடலாம். படித்துறை முழுக்கப் பெண்கள் படையல் போட்டுக்கொண்டும் புதுமணத் தம்பதிகள் கல்யாண மாலையை ஆற்றில் விட்டுக்கொண்டும் இருக்கும்போது நடுவில் நான்கு பேர் டியூபில் வந்து நின்றால் திட்டுதான் கிடைக்கும்.

பெங்களூர், சென்னைக் கூட்டம் ஊருக்கு வருவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் என்பது இதில் உள்ள சிக்கல். தீபாவளி வடகிழக்குப் பருவமழைக்கு நடுவில் வரும். வயல் வடிகாலெல்லாம் ஆற்றில் விழுந்து செம்மண் நிறத்தில் ஓடும். அப்போது டியூபை வெளியே எடுக்கவே கூடாது, படகும் மழையைப் பொறுத்தது. பொங்கலுக்குத் தண்ணீர் தெளிந்திருக்கும், ஆனால் சம்பா அறுவடை நெருங்குவதால் குறைத்திருப்பார்கள். டியூப் அடிக்கடி தரை தட்டும். பொங்கலுக்கு வருகிறவர்களுக்கு முத்துப்பேட்டை.

பிப்ரவரி முதல் மே வரை ஆறு வெறும் மணல். அந்த மாதங்களில் கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ வருகிறவர்களுக்கு மிச்சம் இருப்பது பம்புசெட்டுதான். அதை இரண்டாந்தரம் என்று நினைக்க வேண்டாம். பாபநாசம், கும்பகோணம் பக்கம் போர்வெல் தண்ணீர் குழாய் முழுக்கக் கொட்டும். தொட்டியில் இறங்கி முதுகைக் காட்டி நின்றால் ஒரு மாத அலுவலகக் களைப்பு போய்விடும், நீச்சல் தெரியாதவனும் தைரியமாக நிற்கலாம். கொல்லைக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்க வேண்டும். தண்ணீர் நேராக வயலுக்குப் போவதால் சோப்பு, ஷாம்பு கூடாது. மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வருகிறது என்பதை முதல் நாளே விசாரித்துக்கொண்டு போனால் தொட்டியோரம் துண்டோடு காத்துக் கிடக்க வேண்டியிருக்காது.