தடித்த ட்யூப்லைட்டா, மெல்லிய டி5-ஆ?

செங்கோட்டையில் சாரல் பிடித்துவிட்டால், ஜன்னலோர மிளகாய் நாற்று வெளிச்சம் தேடி நூலாக நீண்டு சாய்ந்துவிடும். அதற்கு மேலே ட்யூப்லைட் தொங்கவிடலாம்.

4 அடி, 36 வாட் டி8-க்கு, அதாவது தடித்த குழாய்க்கு, பழைய பட்டியே (குழாய் மாட்டும் சட்டம்) போதும். குழாயில் 865 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். கடைசி 65 என்பது 6500 கெல்வின், பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை நிறம். 54 என்றிருந்தால் அதே மின்சாரத்துக்கு வெளிச்சம் குறைவு, வாங்காதீர்கள். குழாய்க்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் செம்புச் சோக் தனியே சுமார் 9 வாட் தின்னும். தினம் 14 மணி நேரம் எரித்தால் மாதம் 19 யூனிட்.

மெல்லிய 28 வாட் டி5 எலக்ட்ரானிக் சோக்கோடு 13 யூனிட்தான். ஆனால் குழாய் முனையிலுள்ள முள்களின் இடைவெளி வேறு, பழைய பட்டியில் ஏறாது.

பட்டி இருந்தால் டி8, புதிதாக வாங்கினால் டி5. எதுவானாலும் தளிர் நுனிக்கு 10–15 செ.மீ. மேலே தொங்கட்டும், நாற்று வளர வளர உயர்த்துங்கள். குழாய் முனை கறுத்தால் மாற்றிவிடுங்கள். உடைக்க வேண்டாம், உள்ளே பாதரசம்.