குலுங்கும் விமானத்தில் எதைப் பற்றிக்கொள்வது?

விமானம் குலுங்கத் தொடங்கியதும் வயிற்றுக்குள் ஏதோ கழன்று விழும். பல ஆண்டுகள் அந்தப் பயத்தோடு பறந்தவன் நான். பிறர் சொன்ன வழிகளையெல்லாம் முயன்று பார்த்தேன். எல்லாம் ஒரே தரத்தவை அல்ல.

உடனே பலன் தருவது பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரைதான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், விமானப் பயமுள்ள 28 பெண்களில் சிலருக்கு அல்பிரசோலம் என்ற அத்தகைய மாத்திரையும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்து உண்டவர்கள் முதல் பயணத்தில் அமைதியாக இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து மருந்தின்றிப் பறந்தபோதோ, பீதி அவர்களைத்தான் அதிகம் பிடித்தது. பயம் தானாக வடியும் என்று மனம் கற்றுக்கொள்ளும் வாய்ப்பை மாத்திரை பறித்துவிடுகிறது என்றே நினைக்கிறேன். மருத்துவர் எழுதித் தந்திருந்தால் அவரிடமே பேசுங்கள். அந்த மாத்திரையோடு மதுவைச் சேர்க்கவே கூடாது, மூச்சுக்கே ஆபத்து.

படமும் பாட்டும் லேசான குலுக்கலுக்குப் போதும். பலமாக ஆடினால் கண் திரையில் நிற்காது.

இறக்கைக்கு அருகில் இருக்கை எடுப்பது உண்மையிலேயே உதவுகிறது. எடை மையம் அங்கே இருப்பதால் ஆட்டம் குறைவு. வால் பகுதியில்தான் அதிகம். தரை சூடேறுமுன் கிளம்பும் காலை விமானமும் நல்லது. ஆனால் தெளிந்த வானில் திடீரென்று வரும் கொந்தளிப்புக்கு இவை பதிலாகா.

விமானத்தைப் பற்றித் தெரிந்துகொள்வது எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது. பறக்கையில் எதிர்பார்க்கும் உச்சபட்சச் சுமையைப் போல் ஒன்றரை மடங்கை இறக்கை தாங்கியாக வேண்டும். 1995-இல் போயிங் 777-இன் இறக்கையைத் தரையில் வளைத்துச் சோதித்தபோது, அந்த உச்சபட்சச் சுமையின் 154 சதவீதத்தில்தான் அது முறிந்தது. ஜன்னலோரம் இறக்கை வளைவதைப் பார்த்தால் இப்போது எனக்கு நிம்மதி. ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன்: 2024 மே மாதம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று கடுமையாகக் குலுங்கி, ஒரு பயணி இறந்தார், பலர் காயமடைந்தார்கள். சீட் பெல்ட் போடாதவர்கள் தூக்கியெறியப்பட்டார்கள். விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. ஆகவே பெல்ட் போடச் சொல்லும் விளக்கு அணைந்தாலும் நான் பெல்ட்டைக் கழற்றுவதில்லை.

குலுங்கும் அந்த நிமிடத்தில் மட்டும் அறிவின் பேச்சை உடல் கேட்பதில்லை. அப்போது மூச்சுதான். நான்கு எண்ணும்வரை இழுத்து, எட்டு எண்ணும்வரை மெல்ல விடுகிறேன். கைப்பிடியை இறுகப் பற்றினால் ஒவ்வொரு அதிர்வும் தோள்வரை ஏறும்; கைகளை மடியில் தளரப் போட்டு, மேடுபள்ளச் சாலையில் போகும் பஸ்ஸில்போல உடலை அதன் போக்கில் ஆடவிடுகிறேன்.